383 ஸ்ட்ரோக்கர் இன்ஜின்

பழைய அமெரிக்கக் கார்களின் வலுவைக் கூட்டுவதற்காகக் கட்டப்படும் வி8 இன்ஜின். 1955-இல் எட் கோல் தலைமையில் உருவான செவ்ரோலே 'ஸ்மால் பிளாக்' குடும்பத்தைச் சேர்ந்தது. 1967-இல் கமாரோ காருடன் அறிமுகமான 350 கன அங்குல பிளாக்கில், 1970-இல் வந்த 400 கன அங்குல இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டைப் பொருத்துவதே இதன் அடிப்படை. சிலிண்டர் விட்டம் 0.030 அங்குலம் கடைந்து அகலமாக்கப்படும். பிஸ்டனின் ஓட்டம் (ஸ்ட்ரோக்) 3.48 அங்குலத்திலிருந்து 3.75 அங்குலமாக நீளும். கொள்ளளவு 383 கன அங்குலம், அதாவது சுமார் 6.3 லிட்டர். குறைந்த சுழற்சியிலேயே இழுவை கூடுவதுதான் இதன் பெரிய சிறப்பு.

வேலை நுணுக்கமானது. 400-இன் கிராங்க் மெயின் ஜர்னலின் (பேரிங்கில் சுழலும் பகுதியின்) விட்டம் 2.65 அங்குலம், 350 பிளாக் ஏற்பதோ 2.45 அங்குலம். ஆகவே ஜர்னலை கிரைண்டிங் செய்து குறைக்க வேண்டும். கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் பிளாக்கின் அடிவிளிம்பிலோ கேம் ஷாஃப்டிலோ உரசக்கூடும். கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்து, இடிக்கும் இடத்தில் பிளாக்கைத் தேய்த்து இடைவெளி தருவார்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

350 பிளாக்குக்கென்றே செய்த 3.75 அங்குல கிராங்குகளும் பின்னர் விற்பனைக்கு வந்தன. முழுதாகக் கோத்த இன்ஜினை உத்தரவாதத்துடன் வாங்கவும் முடியும். தேர்ந்த கடைசல் பட்டறை அருகில் இல்லாதவர்களுக்கு அதுவே உகந்தது. எந்த வழியானாலும், கூடிய முறுக்குவிசையைப் பழைய கியர்பாக்ஸும் பின் அச்சும் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.