வாக்கியமும் காட்சியும்

இசுலாமிய மாதத்தின் 29ஆம் நாள் மாலையில் மலேசியாவின் பல கடற்கரைகளிலும் குன்றுகளிலும் பிறை பார்ப்பதற்கென ஆட்கள் கூடுவர். அவ்விடங்களுள் கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தியும் ஒன்றாகும். தொலைநோக்கிகள் மேற்குத் திசை நோக்கி நிறுத்தப்படும். கதிரவன் மலாக்கா நீரிணையில் மறைந்த பின், மெல்லிய பிறை சிறிது நேரமே அடிவானத்திற்கு மேல் நிற்கும். மேகம் மறைத்தால் அதுவும் இல்லை.

இக்குன்று வானம் பார்ப்பதற்கு முன்னர்க் கடலைப் பார்த்தது. சிலாங்கூர்ச் சுல்தான்களின் கோட்டை இங்கே இருந்தது. 1784இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என அழைத்தனர். அடுத்த ஆண்டே சுல்தான் இபுராகிம் அதனை மீட்டார். 1907இல் ஆங்கிலேயர் எழுப்பிய கலங்கரை விளக்கம் அப்பழைய பெயரையே தாங்கி நிற்கிறது. மேற்கே தடையின்றிக் கடல் விரிந்து கிடப்பதே பகைவர் கப்பலைக் காணவும் பிறையைக் காணவும் இக்குன்றைத் தகுதியுடையதாக்கிற்று.

பிறை எங்கே, எப்போது தோன்றும் என்பதை இன்று முன்கூட்டியே கணித்துவிடலாம். 2021 முதல் இந்நாட்டில், பிறை அடிவானத்திற்கு மேல் 3 பாகையும் கதிரவனிலிருந்து 6.4 பாகையும் விலகியிருத்தல் வேண்டும் என்பது அளவுகோலாக உள்ளது. எனினும் குன்றேறிக் கண்ணால் பார்க்கும் வழக்கம் விடப்படவில்லை. கணக்கும் காட்சியும் ஒன்றையொன்று தாங்குகின்றன. தமிழர் வானியல் வரலாற்றில் இவ்விரண்டும் பிரிந்து நின்ற காலமும் உண்டு. அவற்றை இணைக்க முயன்றவரும் உண்டு.

சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்த ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்னும் நூலில் ஓர் அரிய செய்தியைத் தருகிறார். புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த சொற்றொடர்களைக் கொண்டே அவ்வாண்டு மே 31, சூன் 1 நாள்களுக்கு இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளில்லை, எழுதுகோலில்லை. கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை இருந்தது. அச்சொற்றொடர்களே வாக்கியங்கள். எழுத்துகளில் எண்களை அடக்கிய வாக்கியங்கள் 248 நாள்களுக்கு நிலவின் இருப்பைக் கூறின. புவிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து நிலவு ஒன்பது முறை மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 248 நாள் ஆகும். முன்னோர் இதனை அறிந்திருந்தனர்.

வியப்புக்குரிய ஆற்றல் இது. ஆயினும் அக்கணிதருக்குத் தம் கணக்கின் அடிப்படை தெரியவில்லை என்பதையும் வாரன் குறிக்கிறார். கண்டறிந்தவர் மறைந்தனர், வாக்கியம் மட்டும் தலைமுறைகளைக் கடந்து வந்தது. நிமிடக் கணக்கில் பிழை சேர்ந்தபோது அதைத் திருத்த வழி இல்லாமற் போயிற்று.

1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் கட்டிய சென்னை வானாய்வுக் கூடத்தின் கருங்கல் தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. அதிற் பொறித்த மொழிகளுள் தமிழும் உண்டு. ஆனால் கூடத்தின் பணி கம்பெனியின் கடற்பயணத்திற்கும் நில அளவைக்கும் உரியதாயிருந்தது. அதன் அறிவை மக்களிடம் கொண்டு சென்றவருள் முதன்மையானவர் அங்கே உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். இவர் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். ‘ஆர் ரெட்டிகுலி’ என்பது அதன் பெயர். இலண்டன் அரச வானியற் கழகத்தின் முதல் இந்திய உறுப்பினரும் இவரே.

1874 திசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக் கோள் கதிரவனைக் கடக்கவிருந்தது. அதற்கு முன்னரே இரகுநாதாச்சாரியார் சிறு நூல் ஒன்றை உரையாடல் வடிவில் எழுதினார். அஃது ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. பஞ்சாங்கம் கண்ட காட்சியோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. திருக்கணிதப் பஞ்சாங்கம் அம்முயற்சியில் எழுந்தது. ‘திருக்’ என்னும் வடசொல் பார்வையைக் குறிக்கும். கண்டு சரிபார்த்த கணிதம் என்பதே திருக்கணிதத்தின் பொருள்.

இவ்வரலாற்றில் வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் ஒரு பங்குண்டு. புக்கிட் ரோத்தான், ஜெரம், தஞ்சோங் காராங் வட்டாரங்களிலும், 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகிய தென்னமரத்திலும் உழைத்த தமிழர், விடியுமுன் பெரட்டுக்கு எழுந்தவர்கள். விடிவெள்ளி அவர்களுக்கு அன்றாடத் துணை. ஆயினும் ஊரில் பெரியோர் காட்டிய துருவ மீன் இங்கே அவர்கள் கண்ணிற் படவில்லை. சென்னையில் அடிவானத்திற்கு மேல் 13 பாகையும், கன்னியாகுமரியில் 8 பாகையும் உயர்ந்து நிற்கும் அம்மீன், கோல சிலாங்கூரில் 3 பாகை அளவே உயர்ந்து, மூட்டத்திலும் மரங்களிலும் மறைந்துவிடுகிறது. புவி உருண்டை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை. கப்பலேறி வந்த பாட்டன் பாட்டியரே அச்சான்றைத் தம் பயணத்தில் கடந்து வந்தனர். வடக்கு தாழத் தெற்கு உயர்ந்தது. சென்னையில் 14 பாகைக்கு மேல் எழாத இரகுநாதாச்சாரியாரின் விண்மீன், இங்கே 24 பாகை வரை எழுகிறது. தொலைநோக்கி இருப்பின் காணலாம்.

பாடநூலில் துருவ மீனைப் படிக்கும் மாணவன், ‘அஃது எங்கே?’ என்று கேட்பானாயின் அவனை வெளியே அழைத்துச் செல்லல் வேண்டும். 27 விண்மீன்களின் பெயரைப் பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தைக்குக் கார்த்திகைக் கூட்டத்தைச் சுட்டிக் காட்ட ஒரு விரல் தேவை. பிறை பார்க்கும் குன்றிலோ பள்ளித் திடலிலோ ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குதல் தமிழாசிரியரால் இயலும். சோழி வைத்துக் கணித்தவரின் நினைவாற்றலை நாம் போற்றுவோம். அவருக்குக் கிட்டாத விளக்கத்தை நம் மாணவர்க்கு வழங்குவோம்.