பட்டியலில் ஒளிந்திருக்கும் டெலிபிரின்டர்

கொழும்பில் கணினித் தொழில் செய்யும் இளைஞர்கள் கையாளும் சிறு பெட்டி ஒன்று உண்டு. பழைய தராசு, ரசீது அச்சிடும் இயந்திரம் போன்றவற்றின் சீரியல் கம்பியை ஒருபுறமும் வலையமைப்புக் கம்பியை மறுபுறமும் ஏற்கும் அதனை டிவைஸ் சேர்வர் என்பர். இயக்குமுன் அதற்கு நான்கு விடயங்களைச் சொல்லிவைக்க வேண்டும்: வேகம், ஓர் எழுத்துக்கு எத்தனை துடிப்பு, பிழையறியும் துடிப்பு உண்டா, எழுத்தின் முடிவில் எவ்வளவு நிறுத்தம். இயந்திரமும் பெட்டியும் இவற்றில் ஒத்துப்போகாவிடில் வருவது வெறும் குப்பையே. பெரும்பாலானோர் 9600, 8, இல்லை, 1 என்று தெரிவுசெய்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

ஆயினும் இத்தகைய பல பெட்டிகளின் தெரிவுப் பட்டியலில், வேகம் 50, துடிப்பு 5, நிறுத்தம் 1.5 என்று எவரும் தொடாத இலக்கங்கள் கிடக்கின்றன. வெள்ளவத்தையில் இத்தொழில் செய்யும் தம்பி ஒருவர், "அரைத் துடிப்பு என்று ஒன்று எப்படி ஐயா இருக்க முடியும்?" என்று கேட்டார். அம்மூன்று இலக்கங்களும் எங்கள் ஆசிரியபீடத்து டெலிபிரின்டருக்கு உரியவை.

பிரான்சைச் சேர்ந்த எமில் போடோ 1874இல் காப்புரிமை பெற்ற தந்தி முறையே ஐந்து துடிப்பின் மூலம். வேகத்தைக் குறிக்கும் 'போட்' என்ற அலகு அவர் பெயரிலிருந்து வந்தது. 1901 அளவில் அதனைத் தட்டச்சுப் பலகைக்கு ஏற்ப மாற்றியமைத்த டொனால்ட் மரே, நியூசிலாந்தில் பிறந்தவர். பத்திரிகைத் தொழிலில் இருந்தவர் (நம்மவர்களில் ஒருவர் என்று சொல்லிக்கொள்ளலாம்). தொடக்கத் துடிப்பு 1, எழுத்துக்கு 5, நிறுத்தம் 1.5; ஆக 7.5. ஒவ்வொன்றும் 20 மில்லிசெக்கன். இரும்புச் சக்கரமும் நெம்பும் சுழன்று ஓய்வதற்கு ஒரு துடிப்பு நேரம் போதாது என்பதால்தான் அந்த அரை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 66 சொற்கள் அச்சாகும்.

1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி வருமுன், காலித் துறைமுகத்துக் கப்பற் செய்திகளை ஒப்சேவர் பத்திரிகை புறாக்களின் மூலம் பெற்றுவந்தது. அதனோடு ஒப்பிடின் 66 சொற்கள் பெருவேகந்தான்.

ஐந்து துடிப்பில் 32 குறிகளே அமையும். எழுத்துக்கும் இலக்கத்துக்கும் அவையே என்பதால், "இனி வருவன இலக்கங்கள்" என்று அறிவிக்கும் மாற்றுக்குறி ஒன்று முன்னே வரும். பிழையறியும் துடிப்பு கிடையாது. கம்பியின் இரைச்சலில் அம்மாற்றுக்குறி தவறினால், 20 என்ற இறந்தோர் தொகை 'டபிள்யூ, பீ' என்று அச்சாகும். தட்டச்சுப் பலகையின் மேல்வரிசை 1 முதல் 0 வரை என்பதை அறிந்தவர் அதனை உடனே வாசித்துவிடுவார். ஆனால் 2 இருந்த இடத்தில் 3 வந்தால் எவருக்கும் தெரியாது. முக்கியமான இலக்கங்களைச் செய்தியின் இறுதியில் மறுமுறை அனுப்பும் வழக்கம் அதனால்தான் உண்டாயிற்று.

தமிழ் அக்கம்பியில் வரவில்லை. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தொடங்கிய காலந்தொட்டு, வெளிநாட்டு முகவர் செய்திகளை ஆங்கிலத்திலிருந்தே தமிழாக்க வேண்டியிருந்தது. ஊர்ப் பெயரில் சிக்கல் குறைவு. பளையைப் பாலை என்று எழுதாத அளவுக்கு ஆசிரியபீடத்தில் வடபுலத்தார் இருந்தனர். ஆட்பெயர் அப்படியன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு யாழ்ப்பாணத்துடனான தொலைபேசித் தொடர்பு அற்றுப்போன பின்னர், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதி அறைகளில் தங்கியிருந்தோர் பத்திரிகையில் முதலில் தேடியது பெயர்களைத்தான். வல்லியும் வள்ளியும் ஆங்கிலத்தில் ஒன்றே. தந்தை பெயரும் வயதும் ஊரும் இருந்தால் தீர்மானிப்போம். எதுவும் இல்லாதபோது விசாரித்தறியும்வரை அப்பெயரை நிறுத்திவைப்பதே முறையென்று நான் இன்றும் கருதுகிறேன். ஒரு நாள் தாமதத்தைப் பொறுக்கலாம், வேறொருவரின் தாயை அழவைப்பதைப் பொறுக்க இயலாது.

இத்தனைக்கும் தமிழ் அதில் அடங்காத மொழியன்று. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. கட்டுப்பாட்டுக் குறிகள் 6 போக எஞ்சும் 26 இடங்களை இரு அடுக்காகப் பயன்படுத்தினால் 52. இலக்கங்களுக்கும் இடமுண்டு. உயிர்மெய் வடிவங்களைக் கூட்டி அச்சிடுவது மட்டுமே சிக்கல். அதற்கும் வழியில்லாமல் இல்லை: யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியையே உருவாக்கிக் காட்டியவர். சந்தை சிறிது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

கணினி வந்தபின் நம்மவர் பாவித்த பாமினி எழுத்துரு, பெரும்பாலும் ஆங்கில விசைகளின் குறிகளையே கொண்டதால் ஏழு துடிப்புக் கம்பியிலும் தப்பிச் சென்றது. யுனிகோட் அவ்வாறன்று. இன்று வழக்கிலுள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். மூன்றிலும் எட்டாம் துடிப்பு இன்றியமையாதது. பழைய இயந்திரத்துக்காகப் பெட்டியில் 7 என்று வைத்திருந்ததை மாற்றாமல் தமிழை அனுப்பினால், 'அ'வும் 'க'வும் 'ன'வும் ஒரு சாய்கீற்று, ஒரு புள்ளி, பின்னர் பொருளற்ற ஏதோவொரு குறி என்றே போய்ச் சேரும்.