வென்லாக் பிரபுவின் பண்ணையும் நம் பஞ்சமி நிலமும்

திண்டுக்கல் பக்கம் எந்தப் படிப்பு வட்டத்தில் பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் “அது வெள்ளைக்காரத் துரை நமக்குக் கொடுத்த நிலம்” என்று சொல்லிவிடுவார். எந்தத் துரை என்று கேட்டால் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பெயர் வரும். அறிக்கை எழுதியவர் அவர்தான். ஆனால் கலெக்டர் அறிக்கைதான் எழுத முடியும்; ஆணை போடுவது ஆளுநர் தலைமையிலான மாகாண அரசு. 1892இல் அந்த ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் யார், அவருடைய குடும்பம் தன் நிலத்தை எப்படிக் காப்பாற்றி வைத்திருந்தது என்று நாம் கேட்பதே இல்லை. கேட்டால் இன்றைய நம் போராட்டத்துக்கே பயன்படும் ஒரு விஷயம் கிடைக்கிறது.

அவர் பெயர் பெய்ல்பி லாலி, மூன்றாவது வென்லாக் பிரபு. 1849இல் பிறந்தவர். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள எஸ்க்ரிக் பண்ணை அவர்களுடைய குடும்பச் சொத்து. தாயார் கிராவ்னர் குடும்பத்துப் பெண். லண்டனில் மேஃபேர், பெல்கிரேவியா என்று விலை உச்சத்தில் நிற்கும் பகுதிகளின் நிலம் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். 1880 பொதுத் தேர்தலில் லாலி லிபரல் கட்சி சார்பில் செஸ்டர் தொகுதியில் வென்றார். முறைகேட்டு வழக்கில் அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. நம் ஊரில் என்றால் அரசியல் வாழ்க்கை அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கும். பிரபுக்களுக்கு அந்தக் கவலை இல்லை. அதே ஆண்டு தந்தை இறந்ததும் பட்டமும் பண்ணையும் கைக்கு வந்தன. ஓட்டுக் கேட்காமலேயே மேலவையில் உட்கார இடம் கிடைத்தது. 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார்.

மனைவி கான்ஸ்டன்ஸ், நான்காவது ஹேர்வுட் பிரபுவின் மகள். இந்த ஹேர்வுட் குடும்பத்தை நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். லாசெல்ஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட இவர்கள் கரீபியத் தீவுகளின் சர்க்கரையிலும் அடிமை வணிகத்திலும் பணம் சேர்த்தவர்கள். யார்க்ஷயரில் இன்றும் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஹேர்வுட் மாளிகை அந்தப் பணத்தில் எழுந்தது. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழித்தபோது நட்ட ஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. கான்ஸ்டன்ஸின் கொள்ளுத் தாத்தாவான இரண்டாவது ஹேர்வுட் பிரபு, பார்படோஸ், ஜமைக்கா தோட்டங்களில் இருந்த 1,277 பேருக்காக 26 ஆயிரம் பவுண்டுக்கு மேல் பெற்றுக்கொண்டார். அந்த 1,277 பேருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று விலக்கும் வைத்திருந்தார்கள். நம் படியாட்களுக்குச் சட்டக் காகிதத்தில் விடுதலை வந்தது 1843இல்தான். அப்போதும் நிலம் இல்லை.

தம்பி ஆர்தர் லாலியைப் பற்றி இரண்டு வரி. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் துணை ஆளுநராக இருந்தபோது, அங்கே குடியேறிய இந்தியர்களின் உரிமைகளைச் சுருக்க வேண்டும் என்று வாதிட்டவர் அவர். அடுத்து அவரை எங்கே அனுப்பினார்கள்? சென்னைக்கு, 1906 முதல் 1911 வரை ஆளுநராக. கோவை லாலி ரோடு அவர் பெயர்தான். அண்ணன் பெயரில் ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளி இருக்கிறது; மங்களூரில் வென்லாக் மருத்துவமனை இருக்கிறது.

அந்த ஊட்டிதான் ஆளுநரின் கோடைக்காலத் தலைநகரம். வென்லாக் பதவியேற்ற அதே 1891இன் டிசம்பரில், அதே நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். கல்வி, பொதுக்கிணறு, பொதுக்குளம் என்று கோரிக்கைகளைத் தீர்மானங்களாக எழுதி அரசுக்கு அனுப்பினார்கள். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரியார்கள் பறையர் மக்களின் நிலைமையை எழுதி அரசை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டில்தான் ட்ரெமென்ஹீரின் அறிக்கையும் வந்தது. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருப்பதால் கூலி கேட்டு வாய் திறந்தாலே குடிசையைக் காலி செய்யச் சொல்ல முடிகிறது, சிறு கடனுக்கு ஆயுள் முழுக்க உழைப்பை அடகு வைக்கிறார்கள், தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை போகிறது என்று அவர் எழுதினார். வருவாய் வாரியத்துக்கு அது பிடிக்கவில்லை. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று அதிகாரிகள் வாதாடினார்கள். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட ஆணை இந்த இழுபறியில் பிறந்தது. பிரபுவின் இரக்கத்தில் பிறந்தது என்று சொல்வதற்கு நமக்கு ஒரு காரணமும் இல்லை. நிலம் பெரிய அளவில் கைக்கு வரத் தொடங்கியதுகூட 1920க்குப் பிறகு, எம்.சி. ராஜா போன்றவர்கள் சட்டசபையில் குரல் எழுப்பிய காலத்தில், தொழிலாளர் துறை வழியாகத்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பஞ்சமி நிலத்துக்கு நிபந்தனை உண்டு என்பது நமக்குத் தெரியும். முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். இதைப் பற்றிச் சட்டம் படிக்கும் நம் மாணவர்களே சிலர், “சொந்த நிலத்தை விற்கும் உரிமையைப் பறிப்பது நம்மைக் குழந்தையாக நடத்துவது இல்லையா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பிரபுக்களின் வீட்டிலேயே இருக்கிறது.

இங்கிலாந்தின் பெருநிலக் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக இதே மாதிரி நிபந்தனையோடுதான் நிலத்தை வைத்திருந்தன. பண்ணை மூத்த மகனுக்குப் போகும். ஆனால் அவர் ஆயுள் வரை அனுபவிக்கலாமே தவிர, இஷ்டத்துக்கு விற்க முடியாதபடி குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் அவர் கையைக் கட்டியிருக்கும். சூதாடிக் கடன்பட்ட பிள்ளை வந்தாலும் நிலம் குடும்பத்தை விட்டுப் போகக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. 1882இல் ஒரு சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கட்டு தளர்ந்தது. அப்போதும்கூட விற்ற பணம் குடும்ப ஏற்பாட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். இதை யாரும் குழந்தைத்தனம் என்று சொல்லவில்லை. பரம்பரையின் கௌரவம் என்றார்கள். வழக்கறிஞர்கள் காவல் நின்றார்கள், நீதிமன்றங்கள் காவல் நின்றன. வென்லாக்குக்கு மகன் இல்லை, ஒரே மகள் ஐரீன். பட்டம் தம்பிகளுக்குப் போய், 1932இல் ஆர்தரோடு அழிந்தது. மாளிகை பெண்கள் பள்ளிக்குப் போனது. ஆனால் பண்ணை நிலம் இன்றும் ஐரீனின் வழியில் வந்த குடும்பத்திடம் இருக்கிறது.

அவர் காலத்து ஆணையில் தொடங்கிய நம் நிலம்? 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் பெரும்பகுதி நம்மிடம் இல்லை. நிபந்தனை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான், காவல்தான் ஒரே மாதிரி இல்லை. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிந்தார், கிராம அலுவலர் பட்டாவை மாற்றினார், வட்டாட்சியர் கண்டும் காணாமல் இருந்தார். பெரும்பாலும் கல்யாணச் செலவுக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய சில நூறு ரூபாய்க் கடன்தான் தொடக்கம். 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள் மீது அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். எஸ்க்ரிக் பண்ணையைக் காப்பாற்ற அந்தக் குடும்பத்தில் யாரும் குண்டடி பட வேண்டியிருக்கவில்லை.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அரசுக்கு நேரடியாக வரி கட்டிய ரயத்துவாரி கிராமங்களின் தரிசைத்தான் அரசு ஒப்படைக்க முடியும். கன்னிவாடி, ஆயக்குடி, இடையகோட்டை என்று திண்டுக்கல், பழனி சமவெளியில் ஜமீன்கள் நிறைய. ஜமீன் தரிசு ஜமீன்தார் கையில் இருந்தது. ஆகவே ஒரே ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் டி.சி. நிலம் இருக்கும், பக்கத்து கிராமத்தில் ஒரு சென்ட்கூட இருக்காது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தரிசு அரசுக்கு வந்தது. அதில் நம் மக்களுக்கு எவ்வளவு ஒப்படைத்தார்கள் என்பது தனியாகத் தோண்ட வேண்டிய வேலை.

வேடசந்தூர், நிலக்கோட்டை, ஆத்தூர், நத்தம் வட்டங்களில் இந்தக் கணக்கெடுப்பில் இறங்கும் தோழர்களுக்கு ஒன்று. இன்றைய சிட்டாவையும் அ-பதிவேட்டையும் மட்டும் பார்த்து “இங்கே பஞ்சமி நிலம் இல்லை” என்று முடிவு கட்டாதீர்கள். 1980களில் நடந்த யூ.டி.ஆர் திருத்தத்தின்போது பல இடங்களில் ‘டி.சி.’, ‘கண்டிஷன்’ என்ற குறிப்புகள் புதுப் பதிவேட்டில் ஏறவில்லை. அதற்கு முந்தைய ரீ-செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். நம் மாவட்டம் பிறந்தது 1985இல், அதனால் பழைய ஆவணம் மதுரை மாவட்டக் கணக்கில் இருக்கும். தகவல் உரிமை மனுவில் கிராமத்தின் பெயரோடு பழைய புல எண்ணையும் எழுதுங்கள். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவை அன்றே போடுங்கள்.