விலகலும் முறிவும்: ஓர் ஒளியியற் கலைச்சொல்லின் வரலாறு

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை, 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணில் செலுத்தப்பெற்ற ஆரியபட்டா செயற்கைக்கோள் உருவான இடமாகும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1993இல் அங்கு மின்-ஒளியியல் அமைப்புகள் ஆய்வகத்தை நிறுவியது. செயற்கைக்கோள் தான் நோக்கும் திசையை அறிய உதவும் விண்மீன் உணரிகள் இங்கு உருவாக்கப்படுகின்றன. இத்தகைய கருவிகளின் வில்லைகள், ஓர் ஊடகத்தினின்று மற்றோர் ஊடகத்துட் புகும் ஒளியின் திசை மாறுவதைப் பயன்கொள்வன. இந்நிகழ்வைப் பீன்யா வட்டாரத்தின் கன்னடம் 'வக்ரீபவன' என்கிறது. தமிழகப் பாடநூல்கள் 'ஒளிவிலகல்' என்கின்றன. இலங்கைத் தமிழ்நூல்கள் 'ஒளிமுறிவு' என்கின்றன. நிகழ்வு ஒன்று; வளைதல், விலகல், முறிதல் என நோக்கு மூன்று.

முறிவு என்பது ஐரோப்பிய வழக்கோடு ஒத்தது. ஆங்கிலச் சொல்லுக்கு அடிப்படையான இலத்தீன் வினை உடைத்தலைக் குறிக்கும். நேராகச் சென்ற கதிர் எல்லைப்பரப்பில் ஒடிந்தாற்போல் தோன்றுவதே இப்பெயருக்குக் காரணம். இம்மாற்றத்தின் விதியை 984 அளவில் இபின் சஹ்லும், 1621இல் ஸ்நெல்லும் கண்டறிந்தனர். 1637இல் டேகார்ட் அதனை அச்சில் வெளியிட்டார். எனினும், அடர்ந்த ஊடகத்தில் ஒளி எளிதாகச் செல்கிறது என்பது டேகார்ட்டின் கருத்து. ஃபெர்மாவும் ஹைகன்சும் இதற்கு மாறாகக் கருதினர். நீரில் ஒளியின் வேகம் காற்றில் உள்ளதைவிடக் குறைவு என்பதை 1850இல் ஃபூக்கோ சோதனையால் நிறுவினார். விளக்கம் தலைகீழாயிற்று, பெயர் மாறவில்லை.

வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, ஒளிவிலகல் எண் 1.5 உடைய கண்ணாடியில் 2 லட்சம் கிலோமீட்டரே செல்கிறது. கண்ணாடிப் பரப்பில் செங்குத்தாக விழும் கதிர் விலகுவதுமில்லை, முறிவதுமில்லை. வேகம் மட்டுமே குறைகிறது. ஆகவே, மூன்று சொற்களும் விளைவைச் சுட்டுவனவேயன்றிக் காரணத்தைச் சுட்டுவன அல்ல. இது குறையன்று. 1637இல் காரணம் நோக்கிப் பெயரிட்டிருப்பின், 1850க்குப் பின் அப்பெயர் பொருந்தாது போயிருக்கும். காட்சியைப் பற்றி நிற்கும் சொல், கோட்பாடு வீழ்ந்த பின்னும் நிலைக்கிறது.

எனவே, மொழிபெயர்ப்பாளர் ஆராயவேண்டுவது எச்சொல் உண்மைக்கு நெருங்கியது என்பதன்று. அச்சொல் சார்ந்த தொகுதி முழுமையுமே. விலகல் எனக் கொண்ட தமிழக வழக்கு, முப்பட்டகத்தில் கதிர் மொத்தமாகத் திரும்பும் அளவைத் 'திசைமாற்றக் கோணம்' என வேறுபடுத்துகிறது. முறிவு எனக் கொண்ட இலங்கை வழக்கு, எதிரொளிப்பைத் 'தெறிப்பு' என்றும் முப்பட்டகத்தை 'அரியம்' என்றும் வழங்குகிறது. ஒரு தொகுதியினின்று ஒரு சொல்லை மட்டும் பெயர்த்து மற்றொன்றில் வைப்பின், பயில்வோர் இரண்டையும் இழப்பர்.