பிராக்கிலிருந்து பாம்பேர்க்கிற்கு: இடம்பெயர்ந்தவர்கள் உருவாக்கிய சிம்பொனி இசைக்குழு

ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில், ரெக்னிட்ஸ் ஆற்றின் கரையில் உள்ள சிறிய நகரம் பாம்பேர்க். அதன் சனத்தொகை ஒரு இலட்சத்திற்கும் குறைவு. பெர்லின், மியூனிக், லைப்சிக் போன்ற பெருநகரங்களுக்கு உலகப் புகழ்பெற்ற இசைக்குழுக்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவற்றுக்கு நிகராகப் பேசப்படும் ஓர் இசைக்குழு இந்தச் சிறு நகரத்திலும் இருக்கிறது. 'பாம்பேர்க் சிம்பொனி' என்ற அந்தக் குழுவை மன்னரோ செல்வந்தரோ உருவாக்கவில்லை. யுத்தத்தின் முடிவில் தமது நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, வாத்தியங்களோடும் வெறுங்கையோடும் வந்து சேர்ந்தவர்களே 1946இல் அதை உருவாக்கினார்கள்.

பிராக் நகரின் ஜேர்மன் இசை மரபு

இந்தக் குழுவின் வேர்கள் இன்றைய செக் குடியரசின் தலைநகரான பிராக்கில் உள்ளன. செக் மொழி பேசுவோர், ஜேர்மன் மொழி பேசுவோர், யூதர்கள் எனப் பல சமூகங்கள் பல நூற்றாண்டுகளாக அங்கு சேர்ந்து வாழ்ந்தன. மொஸார்ட்டின் 'டொன் ஜியோவானி' இசைநாடகம் 1787இல் முதன்முதலாக மேடையேறியது பிராக்கில்தான். பொஹீமியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த குஸ்டாவ் மாலர், 1885-86 காலப்பகுதியில் அங்கிருந்த ஜேர்மன் அரங்கில் இசை நெறியாளராகப் பணியாற்றினார். அவரது ஏழாவது சிம்பொனியும் 1908இல் அதே நகரத்தில்தான் முதன்முறை இசைக்கப்பட்டது.

1888இல் திறக்கப்பட்ட 'புதிய ஜேர்மன் அரங்கு' இந்த மரபின் மையமாக விளங்கியது. அலெக்சாண்டர் செம்லின்ஸ்கி 1911 முதல் 1927 வரை அதன் இசைப் பொறுப்பாளராக இருந்தார். யூத இசையமைப்பாளர்களான விக்டர் உல்மன், ஹான்ஸ் கிராசா ஆகியோரும் அங்கு பணியாற்றியவர்களே. 1938இல் அந்த அரங்கு மூடப்பட்டது. 1939 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் பிராக்கிற்குள் நுழைந்தன.

ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்நகரில் 'ஜேர்மன் பில்ஹார்மொனிக் இசைக்குழு' அமைக்கப்பட்டது. 1940 முதல் யோசெப் கைல்பெர்ட் அதன் நெறியாளராக இருந்தார். அது நாசி நிர்வாகத்தின் கீழ் இயங்கிய குழு. யூதக் கலைஞர்களுக்கு அங்கு இடமிருக்கவில்லை. மாலரின் இசைக்கும் தடை இருந்தது. அந்தக் குழு கச்சேரிகள் நடத்திய அதே ஆண்டுகளில், உல்மனும் கிராசாவும் தெரேசியென்ஸ்டாட் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1944 ஒக்டோபரில் இருவரும் அவுஷ்விட்ஸிற்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பாம்பேர்க் இசைக்குழுவின் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட முடியாது. 1945இல் பிராக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு முன்பே, அதே நகரத்தின் இசை உலகிலிருந்து வேறு சிலர் அகற்றப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு மீண்டும் தொடங்க இன்னொரு நகரம் கிடைக்கவில்லை.

வெளியேற்றம்

1945 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் வாழ்ந்த ஜேர்மன் மொழி பேசுவோர் கூட்டாகக் குற்றவாளிகளாகக் கருதப்பட்டனர். அவர்களது குடியுரிமையும் சொத்துக்களும் பறிக்கப்பட்டன. ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஹிட்லரை ஆதரித்தவர்களும், அரசியலில் சம்பந்தப்படாதவர்களும், முதியவர்களும், குழந்தைகளும் இவர்களுள் இருந்தனர். நடைபயணங்களிலும் தடுப்பு முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

இவர்களில் பெருந்தொகையானோர் அமெரிக்கப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்த பவேரியாவை வந்தடைந்தார்கள். குண்டுவீச்சில் தரைமட்டமான நகரங்களோடு ஒப்பிடும்போது பாம்பேர்க் பெருமளவு தப்பியிருந்தது. பிராக்கின் ஜேர்மன் இசைக்குழுவைச் சேர்ந்த பலர் அங்கு ஒன்றுகூடினார்கள். கார்ல்ஸ்பாட், சிலேசியா ஆகிய இடங்களிலிருந்து இடம்பெயர்ந்த இசைக்கலைஞர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 1946 மார்ச் 20ஆம் திகதி அவர்களது முதலாவது கச்சேரி நடைபெற்றது. உணவும் எரிபொருளும் பங்கீட்டில் கிடைத்த காலம் அது. சில மாதங்களுக்குள் 'பாம்பேர்க் சிம்பொனி' என்ற பெயர் நிலைத்தது.

யுத்தத்திற்குப் பின் டிரெஸ்டன் நகரில் பணியாற்றிய கைல்பெர்ட், 1950இல் தனது பழைய சகாக்களோடு மீண்டும் இணைந்து பிரதம நெறியாளரானார். 1968 ஜூலையில், மியூனிக்கில் வாக்னரின் இசைநாடகம் ஒன்றை நெறிப்படுத்திக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து மரணமாகும் வரை அவர் அப்பதவியில் இருந்தார்.

வளர்ச்சியும் பணிகளும்

கைல்பெர்ட்டிற்குப் பின் ஒய்கன் யோகும், ஹோர்ஸ்ட் ஸ்டைன் முதலானோர் குழுவை வழிநடத்தினர். 2000ஆம் ஆண்டு முதல் 2016 வரை பிரித்தானியரான ஜொனதன் நொட் பிரதம நெறியாளராக இருந்தார். அவரது காலத்தில் மாலரின் சிம்பொனிகள் முழுமையாக ஒலிப்பதிவு செய்யப்பட்டன. ஒருகாலத்தில் தடைசெய்யப்பட்டிருந்த இசை, அந்தக் குழுவின் அடையாளங்களில் ஒன்றாகியது.

ஆரம்பத்தில் இந்தக் குழுவுக்கென ஒரு மண்டபம் இருக்கவில்லை. முன்னாள் டொமினிக்கன் தேவாலயம் ஒன்றிலேயே பல தசாப்தங்களாகக் கச்சேரிகள் நடந்தன. 1993இல் ஆற்றங்கரையில் புதிய இசை மண்டபம் திறக்கப்பட்டது. அதன் பிரதான அரங்கிற்கு கைல்பெர்ட்டின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 'பவேரிய அரச பில்ஹார்மொனிக்' என்ற சிறப்புப் பட்டமும் இன்று இக்குழுவுக்கு உண்டு.

சிறிய நகரம் ஒன்றின் ரசிகர்களை மட்டும் நம்பி ஒரு பெரிய இசைக்குழு வாழ முடியாது. எனவே தொடக்கம் முதலே பயணம் இக்குழுவின் வாழ்க்கை முறையாகிவிட்டது. இதுவரை 60இற்கும் மேற்பட்ட நாடுகளில் 7,000இற்கும் அதிகமான கச்சேரிகளை அது நடத்தியுள்ளது.

2004இல் இளம் நெறியாளர்களுக்கான மாலர் போட்டியை இக்குழு ஆரம்பித்தது. முதற் போட்டியில் வென்றவர், அப்போது 23 வயதான வெனிசுவேலா இளைஞர் குஸ்டாவோ டுடமெல். பின்னர் அவர் லொஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மொனிக்கின் இசைப் பணிப்பாளரானார். 2016இல் சிங்கப்பூரைச் சேர்ந்த கச்சுன் வொங் வென்றார். இவற்றோடு, இளம் வாத்தியக் கலைஞர்களைப் பயிற்றுவிக்கும் கழகம் ஒன்றும் பாடசாலை மாணவர்களுக்கான நிகழ்ச்சிகளும் நடத்தப்படுகின்றன.

செக் நாட்டவர் ஒருவர் தலைமையில்

2016 செப்டெம்பரில் யாக்குப் ஹ்ரூஷா பிரதம நெறியாளராகப் பொறுப்பேற்றார். 1981இல் பிறந்த இவர், செக் குடியரசின் பேர்னோ நகரைச் சேர்ந்தவர். செக் மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அமைத்த குழுவுக்கு ஒரு செக் நாட்டவர் தலைவரானார். அவரது தலைமையில் வெளிவந்த முதல் இசைத்தட்டுகளில் ஒன்று, செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் ஆறு பகுதிகள் கொண்ட படைப்பு. அதன் தலைப்பின் பொருள் 'என் தாயகம்'.

இந்த இடத்தை வந்தடைய இரு நாடுகளுக்கும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. 1997 ஜனவரியில் கைச்சாத்திடப்பட்ட கூட்டுப் பிரகடனத்தில், நாசி ஆட்சி செக் மக்களுக்கு இழைத்த கொடுமைகளுக்கான பொறுப்பை ஜேர்மனி ஏற்றது. குற்றமற்றவர்களும் வெளியேற்றத்தால் பாதிக்கப்பட்டதற்கும் ஒரு சமூகத்தின் மீது கூட்டுக் குற்றம் சுமத்தப்பட்டதற்கும் செக் தரப்பு வருத்தம் தெரிவித்தது. பறிக்கப்பட்ட வீடுகளும் காணிகளும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. வெளியேற்றப்பட்டவர்களின் அமைப்புகள் பல அதில் திருப்தியடையவில்லை. ஆனாலும் நடந்தது என்ன என்பதை இரு அரசுகளும் எழுத்தில் ஏற்றுக்கொண்டன.

பிராக் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் 'பிராக் வசந்தம்' இசைவிழாவும் 1946இல்தான் ஆரம்பமானது. ஸ்மெத்தனாவின் நினைவுநாளான மே 12ஆம் திகதி 'என் தாயகம்' இசைக்கப்படுவதோடு விழா தொடங்குவது நீண்டகால மரபு. செக் மக்களுக்கு அது ஏறத்தாழ ஒரு தேசிய நிகழ்வு. 2019இல் அந்த ஆரம்பக் கச்சேரியை வழங்கும் பொறுப்பு ஹ்ரூஷாவின் தலைமையிலான பாம்பேர்க் சிம்பொனிக்கு அளிக்கப்பட்டது.

1945இல் பிராக்கை விட்டு வந்த கலைஞர்கள் எவரும் அன்று மேடையில் இருக்கவில்லை. அவர்களது இடத்தில் பல நாடுகளைச் சேர்ந்த அடுத்த தலைமுறையினர் அமர்ந்திருந்தார்கள். பழைய வீடுகளுக்கு யாரும் திரும்பவில்லை. ஆனால் அந்த இசைக்குழு, ஒருகாலத்தில் தன் முன்னோர்கள் துரத்தப்பட்ட நகரத்தில், அழைக்கப்பட்ட விருந்தினராக, அந்த நகரத்து மக்களின் தாயகப் பாடலை அவர்களுக்கு வாசித்துக் காட்டியது.