நெட் ஸ்லோ ஆனால் கணினிக்கு எப்படித் தெரியும்?

தூத்துக்குடியில இருந்து இலங்கையின் மவுண்ட் லவினியாவுக்கு 2006-ல் கடலுக்கடியில் பாரத்-லங்கா கேபிள் போடப்பட்டது. இதுபோன்ற கேபிள்களின் முனையில் ரவுட்டர் இருக்கும். டேட்டா பாக்கெட்டுகள் அதிகமானால் அங்கே வரிசை கட்டும். இடம் நிறைந்துவிட்டால், மேற்கொண்டு வருவதை ரவுட்டர் தூக்கிப் போட்டுவிடும். ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வராததை வைத்தே, அனுப்பிய கணினி நெரிசலைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும்.

குறைக்கலைன்னா என்ன ஆகும்? 1986-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் அதுதான் நடந்தது. தொலைந்த பாக்கெட்டுகளைக் கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்ப, வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. இதற்கு 1988-ல் வழி சொன்னவர் வான் ஜேக்கப்சன்.

2001-ல் தரப்படுத்தப்பட்ட ஈ.சி.என். முறையில் பாக்கெட்டைத் தூக்கிப் போடத் தேவையில்லை. வரிசை நிறையும் முன்பே ரவுட்டர் அதில் ஓர் அடையாளம் வைக்கும். பெறும் கணினி அதை அனுப்பியவருக்குத் தெரிவிக்கும்.

ஆக, இங்கே டிராபிக் போலீஸ் கிடையாது. ஒவ்வொரு கணினியும் தானாக வேகத்தைக் குறைத்தால்தான் எல்லோருக்கும் நெட் கிடைக்கும்.