விரயத்தைத் தடுக்கவும் ஒரு சான்றிதழ்: ஜொகூர் வளாகங்கள் காட்டும் வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையின் எழுத்து வடிவம்)

ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசும்போது பேராசிரியர்களைப் பற்றிப் பேசுகிறோம். மாணவர்களைப் பற்றியும் அங்கு நடக்கும் ஆராய்ச்சிகளைப் பற்றியும் பேசுகிறோம். அந்த வளாகத்தின் சில்லர் இயந்திரங்களைக் காலையில் ஓடவிடுகிறவர் யார், இரவில் நிறுத்துகிறவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் மாதந்தோறும் வரும் மின்சாரக் கட்டணம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. அந்தப் பணியாளருக்கு எப்போது, என்ன பயிற்சி கொடுக்கப்பட்டது என்பதே ஒரு தனி வரலாறு. அதன் முக்கியமான சில பக்கங்கள் ஜொகூர் மாநிலத்தில் எழுதப்பட்டவை.

தொடக்கத்தில் ஆபத்துக்குத்தான் உரிமம்

இந்நாட்டில் இயந்திரத்தைக் கையாள்கிறவருக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. கொதிகலனை இயக்குகிறவர் தேர்வெழுதித் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும் என்பதை 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் உறுதிப்படுத்தியது. மின்சாரத் துறையிலும் அப்படித்தான். வயர்மேன், சார்ஜ்மேன், தகுதிபெற்ற பொறியாளர் என்று படிப்படியாகச் சான்றிதழ்கள் வகுக்கப்பட்டன. இன்ன மின்னழுத்தம் வரை இன்னார்தான் பொறுப்பேற்கலாம் என்ற வரையறையும் இருந்தது. ரயில்வே, பொதுப்பணி இலாகா, மின்சார வாரியம் ஆகியவற்றில் வேலை செய்த தமிழர் குடும்பங்களுக்கு இந்தச் சொற்கள் நன்கு பழக்கமானவை. சார்ஜ்மேன் சான்றிதழ் கிடைத்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்பெரியும் என்று நம்பியவர்கள் பலர்.

ஆனால் அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே ஒரு கேள்விக்கான பதில்களாகவே இருந்தன. கொதிகலன் வெடிக்காமல் இருக்குமா? மின்சாரம் யாரையும் தாக்காமல் இருக்குமா? அதாவது ஆபத்தைத் தடுப்பதற்குத்தான் உரிமம் தேவைப்பட்டது. விரயத்தைத் தடுக்கவும் ஒருவருக்குப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும் என்று அந்நாளில் எவரும் நினைக்கவில்லை. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம் அது.

எண்ணெய் நெருக்கடி கற்பித்த பாடம்

1973-லும் 1979-லும் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடிகள் இந்த எண்ணத்தை மாற்றின. ஜப்பான் 1951-லேயே வெப்ப மேலாண்மைக்குச் சட்டம் இயற்றிய நாடு. 1979-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிசக்தி செலவிடும் தொழிற்சாலைகளில் எரிசக்தி மேலாளர் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. அமெரிக்காவில் 1977-ல் எரிசக்திப் பொறியாளர்களுக்கான சங்கம் அமைந்து, பின்னர் சான்றிதழ் தேர்வுகளும் தொடங்கின. பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கோ அங்கு 1914 முதலே தனிச் சங்கம் இருந்தது. கட்டடக் கண்காணிப்பாளர்கள் ஒருவர் அனுபவத்தை மற்றவர் கேட்டறியும் இடமாக அது வளர்ந்தது.

இந்தியா சற்றுத் தாமதமாக வந்தாலும் உறுதியாக வந்தது. 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை நிறைவேற்றி, 2004-ல் எரிசக்தி மேலாளர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் முதல் தேசியத் தேர்வை நடத்தியது.

மலேசியாவில் தேசிய எரிசக்திக் கொள்கை 1979-ல் வகுக்கப்பட்டது. விரயத்தைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் அந்த நோக்கத்தை நடத்திக் காட்டும் ஆட்களை உருவாக்க அதற்குப் பிறகும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன என்பது கவனிக்கத்தக்கது.

ஸ்கூடாயும் பாரிட் ராஜாவும்

இங்கேதான் ஜொகூர் வருகிறது. ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூ.டி.எம்., 1904-ல் கோலாலம்பூரில் தொடங்கிய ட்ரீச்சர் தொழில்நுட்பப் பள்ளியைத் தன் வேராகக் கருதுகிறது. அரசாங்க இலாகாக்களுக்குத் தொழில்நுட்பப் பணியாளர்களைப் பழக்கிக் கொடுப்பதே அந்தப் பள்ளியின் வேலை. 1946-ல் அது தொழில்நுட்பக் கல்லூரியானது. 1972-ல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்து, 1975-ல் பல்கலைக்கழகப் பெயரைப் பெற்றது. 1985-ல் ஸ்கூடாய் வளாகம் அதிகாரப்பூர்வமாகத் திறந்துவைக்கப்பட்டது. ஆயிரம் ஹெக்டருக்கு மேற்பட்ட நிலப்பரப்பில் விரிவுரை மண்டபங்கள், ஆய்வுக்கூடங்கள், விடுதிகள், நூலகம் எனப் பரந்து கிடக்கும் அந்த வளாகம் ஒரு சிறு பட்டணத்துக்குச் சமம்.

பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் இருக்கும் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் பொருத்தமானது. அது பிறந்ததே ஒரு பயிற்சி நிலையமாகத்தான். 1993-ல் பாலிடெக்னிக் பணியாளர் பயிற்சி மையமாகத் தொடங்கி, 1996-ல் கழகமாகி, 2000-ல் பல்கலைக்கழகக் கல்லூரியாகி, 2007-ல் முழுப் பல்கலைக்கழகமானது. தொழிலைக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்த நிறுவனம் அது.

இப்படிப்பட்ட இடங்களில் ஒரு விந்தை உண்டு. விரிவுரை மண்டபத்தில் வெப்ப இயக்கவியல் பாடம் நடக்கும். குளிர்சாதனப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அதை நடத்துவார். அதே மண்டபத்தைக் குளிர்விக்கும் இயந்திரமோ ஆளில்லாத வேளையிலும் ஓடிக்கொண்டிருக்கும். அறிவு ஒரு கட்டடத்தில், சாவி வேறொரு கட்டடத்தில் என்பதுதான் நிலைமை.

இதற்குக் காரணம் பணியாளர்களின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் மின்விசிறியை நிறுத்த மறந்தால் மாதக் கடைசியில் நாமே கட்டணம் கட்டுகிறோம். வளாகத்தில் கட்டணச் சீட்டு நிதிப் பிரிவுக்குப் போகிறது. அறையைப் பயன்படுத்தியவருக்கு அது தெரிவதே இல்லை. பராமரிப்புப் பிரிவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் 'குளிர் போதவில்லை' என்ற புகார்கள்தான். 'குளிர் அதிகம், மின்சாரம் வீணாகிறது' என்று யார் அழைப்பார்கள்? ஆகவே இயந்திரத்தை நிறுத்தாமல் ஓடவிடுவதே பணியாளருக்குப் பாதுகாப்பாகப்படுகிறது. இந்த நிலையை மாற்ற வேண்டுமானால் அவருக்கு அறிவும் வேண்டும், அதிகாரமும் வேண்டும்.

பராமரிப்பு ஒரு தொழிலாக மலர்ந்தது

1990-களில் மலேசியா பெரும் கட்டடங்களைக் கட்டிக் குவித்தது. கட்டியவற்றைக் காப்பது எப்படி என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. 1997 முதல் அரசாங்க மருத்துவமனைகளின் ஐந்து துணைச் சேவைகள் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டன. கட்டடப் பொறியியல் பராமரிப்பு அவற்றில் ஒன்று. கட்டட வசதி நிர்வாகம் என்பது துடைப்பமும் வாளியும் மட்டுமன்று, அது ஒரு தொழில் என்ற எண்ணம் அப்போதுதான் பரவலாக வேரூன்றியது. 2007-ல் புதிய அரசாங்கக் கட்டடங்களிலேயே குழாய் உடைப்பும் கூரை ஒழுக்கும் செய்தியானபோது, முதல்தரக் கட்டடங்களுக்கு மூன்றாந்தரப் பராமரிப்பா என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது.

எரிசக்திப் பக்கத்திலும் அடித்தளம் போடப்பட்டுக்கொண்டிருந்தது. 1998-ல் மலேசிய எரிசக்தி மையம் அமைக்கப்பட்டது. அது நடத்திய தொழில்துறை எரிசக்தித் திட்டம் தொழிற்சாலைகளில் தணிக்கை நடத்தி, ஆட்களையும் பழக்கியது. 2001-ல் கட்டடங்களுக்கான எம்.எஸ்.1525 என்ற தர விதி வெளிவந்தது. 2004-ல் புத்ராஜெயாவில் எரிசக்தி அமைச்சின் கட்டடம் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 யூனிட் என்ற இலக்கோடு எழுப்பப்பட்டது. வழக்கமான அலுவலகக் கட்டடங்களின் செலவில் பாதியையும் எட்டாத அளவு அது.

2008: சட்டம் ஆளைத் தேடியது

திருப்புமுனை 2008 டிசம்பரில் வந்தது. மின்சக்தித் திறன்மிகு மேலாண்மை விதிமுறைகள் அப்போது நடப்புக்கு வந்தன. தொடர்ந்து ஆறு மாதங்களில் 30 லட்சம் யூனிட் அல்லது அதற்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் நிறுவனம், பதிவுபெற்ற மின்சக்தி மேலாளர் ஒருவரை நியமித்தே ஆக வேண்டியிருந்தது. மாதத்துக்குச் சராசரி 5 லட்சம் யூனிட். பெரிய பல்கலைக்கழக வளாகங்கள் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும்.

ஆபத்துக்கு மட்டும் உரிமம் கேட்ட நாட்டில், விரயத்துக்குப் பொறுப்பாளராக ஒருவரின் பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னது இந்த விதி. அதையொட்டிப் பயிற்சிகள் பெருகின. ஆசியான் நாடுகளுக்குப் பொதுவான ஏமாஸ் என்னும் எரிசக்தி மேலாளர் திட்டம் வந்தது. 2011-ல் ஐ.எஸ்.ஓ. 50001 என்ற அனைத்துலகத் தரம் வெளியானது. அதே ஆண்டு அரசாங்க அலுவலகங்களில் குளிர்சாதன வெப்பநிலையை 24 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டது.

யூ.டி.எம். இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டது. 'ஹார்த்தா பினா' என்று அழைக்கப்படும் அதன் சொத்து, கட்டடப் பிரிவும், எரிசக்தி ஆய்வில் பெயர் பெற்ற அதன் பேராசிரியர்களும் ஒரே மேசையில் உட்காரும் நிலை உருவானது. ஏமாஸ் திட்டத்தின் தங்கத் தரச் சான்றிதழும் அந்த வளாகத்துக்குக் கிடைத்தது. இஸ்கந்தர் மலேசியா வட்டாரத்துக்கான குறைந்த கார்பன் சமுதாயத் திட்டத்தை ஜப்பானிய ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து வகுத்ததும் யூ.டி.எம்.தான். அத்திட்டம் 2012-ல் டோஹா பருவநிலை மாநாட்டில் அறிமுகமானது. ஊருக்கு வழிகாட்டுகிறவர் தம் வீட்டையும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் அல்லவா?

பயிற்சியில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்?

எரிசக்தி மேலாளர் பயிற்சி என்றதும் விளக்கை அணைக்கச் சொல்லும் அறிவுரை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் பாடம் கட்டணச் சீட்டைப் படிப்பது. தெனாகா நேஷனல் நிறுவனத்தின் நடுத்தர மின்னழுத்த வர்த்தகக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2014 முதல் 2025 நடுப்பகுதி வரை யூனிட்டுக்கு 36.5 காசு. அதோடு உச்சத் தேவைக் கட்டணமாகக் கிலோவாட்டுக்கு 30 ரிங்கிட் 30 காசு. மாதத்தில் எந்த அரை மணி நேரத்தில் மின்தேவை மிக உயர்ந்ததோ, அந்த அளவைக் கொண்டு இரண்டாவது கட்டணம் கணக்கிடப்பட்டது.

இதன் பொருள் என்ன? காலை எட்டு மணிக்கு எல்லா இயந்திரங்களையும் ஒன்றாக முடுக்கியதால் ஒரே ஒரு நாள் தேவை 200 கிலோவாட் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை மணி நேரத்துக்காக மாதக் கட்டணத்தில் 6,060 ரிங்கிட் ஏறிவிடும். இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு இயக்கினால் அது மிச்சம். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது பாடம் இரவுக் கணக்கு. ஆளில்லாத வேளையில் வளாகம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது? தேவையின்றி 100 கிலோவாட் இரவில் பத்து மணி நேரம் ஓடினால் மாதத்தில் 30,000 யூனிட். அதே கட்டணத்தில் அது 10,950 ரிங்கிட். இதைக் கண்டுபிடிக்கக் கட்டடத்துக்குக் கட்டடம் தனி மீட்டர் வேண்டும். ஒரே மீட்டரில் முழு வளாகத்தையும் அளந்தால் நோயாளி யார் என்றே தெரியாது. அளப்பது, ஒப்பிடுவது, தணிக்கை செய்வது, சேமிப்பை மெய்ப்பிப்பது என்று பாடம் அங்கிருந்து விரிகிறது.

2025: வரம்பு விரிந்தது

எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் எரிசக்தி செலவிடுகிறவர்கள் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். மின்சாரமாகக் கணக்கிட்டால் அது 60 லட்சம் யூனிட். பழைய விதியின் ஆறு மாதக் கணக்கை இரட்டித்தால் வருவதும் இதே அளவுதான். ஆனால் புதிய சட்டம் மின்சாரத்தோடு நிற்கவில்லை, வெப்ப எரிசக்தியையும் சேர்த்துக்கொண்டது. மேலாளர், தணிக்கையாளர் ஆகியோரோடு பயிற்சி நிலையங்களும் பதிவு பெற வேண்டும் என்றது. பயிற்சி தருகிறவரையும் சட்டம் கேள்வி கேட்கத் தொடங்கியதே இதில் பெரிய மாற்றம்.

இருந்தும் ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது. சட்டம் தேடுவது மேலாளரை. 2008 விதிமுறைகளின் கீழ் அந்தத் தகுதி பெரும்பாலும் பொறியாளர்களுக்கே எட்டியது. சாவியைக் கையில் வைத்திருக்கும் தொழில்நுட்பப் பணியாளரோ பல இடங்களில் குத்தகை நிறுவனத்தின் ஊழியர். குத்தகை மாறினால் ஆள் மாறுகிறார். எந்த வால்வு இறுகும், எந்தக் கட்டடத்தில் வெயில் எப்போது ஏறும் என்று அவர் பல ஆண்டுகளாகக் கற்றதும் அவரோடு போய்விடுகிறது. புதியவர் மறுபடியும் அகரத்திலிருந்து தொடங்க வேண்டும். மேலாளருக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, இயந்திர அறையில் நிற்பவருக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்காவிட்டால், தலைக்குப் பாகை கட்டிக் காலுக்குச் செருப்பில்லாத கதையாகிவிடும்.

குத்தகை ஒப்பந்தத்திலேயே பணியாளர் பயிற்சியை ஒரு நிபந்தனையாக எழுதலாம். சேமித்த தொகையில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கலாம். வயர்மேன், சார்ஜ்மேன் சான்றிதழ்களுக்குப் படிப்பவர்களுக்கு எரிசக்திச் சேமிப்பையும் பாடமாக்கலாம். இவை எட்டாத கனவுகள் அல்ல.

நம் சமுதாயத்துக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு தலைமுறை கொதிகலனுக்கும் மின்கம்பத்துக்கும் சான்றிதழ் பெற்று நிமிர்ந்தது. இன்றைய இளைஞர்கள் முன் அதே வரிசையில் புதிய கதவு ஒன்று திறந்திருக்கிறது. பல்கலைக்கழகம், மருத்துவமனை, ஹோட்டல், தொழிற்சாலை என்று எரிசக்தி மேலாளர் தேவைப்படும் இடங்கள் ஜொகூரில் ஏராளம். பட்டம் பெற்றவர் மேலாளர் தகுதியையும் தொழிற்பயிற்சி முடித்தவர் பராமரிப்புத் தகுதியையும் குறிவைத்துப் படிக்கலாம். பிள்ளைக்கு எந்தப் படிப்பு என்று யோசிக்கும் பெற்றோர், இந்தத் துறையின் பெயரையும் அந்தப் பட்டியலில் எழுதிவைப்பது நல்லது.